தோழிகளோடு இரண்டு நாள் சின்ன ஊருக்குப் போவதென்றால்

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சென்னையில் ஐந்து தோழிகள், எல்லோருக்கும் வயது நாற்பத்தைந்தை ஒட்டி. வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். மகாபலிபுரமும் பாண்டிச்சேரியும் அலுத்துவிட்டன. கூட்டமில்லாத சின்ன ஊராக ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள். பெண்கள் மட்டும் போனால் பாதுகாப்பா என்பது இரண்டாவது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "போன வருஷம் ஏற்காடு போனோம், திரும்பும்போது காரில் யாரும் யாரோடும் பேசவில்லை." எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால், ஏற்காட்டுச் சண்டையை வேறு ஊரில் போய்ப் போடுவீர்கள்.

பதினேழு வருடம் மாம்பலத்தில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட்டும் ரூமும் போட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தேன். அதை விட்ட பிறகு ஒன்பது வருடமாக நான்கு பேர் முதல் பத்து பேர் வரையிலான பெண்கள் குழுக்களைக் கூட்டிப் போகிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் அந்த அளவுக் குழுவுக்குத்தான் பொருந்தும். வேன் நிறைய ஆட்களோடு போவதும் கைக்குழந்தையோடு போவதும் வேறு கணக்கு.

முதலில் சண்டை ஏன் வருகிறது என்று பார்க்கலாம். இத்தனை பயணங்களில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான்: வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணுக்கு அலுத்துப்போனது சமையல்கூட இல்லை, என்ன சமைப்பது என்று யோசிப்பது. காலையில் என்ன டிபன், பால் எத்தனை பாக்கெட், கேஸ் எப்போது தீரும், மாமியாருக்கு எந்த மாத்திரை என்று நாள் முழுக்க ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஐந்து பேர் ஓர் ஊரில் போய் நின்றுகொண்டு, "இப்போ எங்கே சாப்பிடலாம்?" "உனக்கு ஓகேன்னா எனக்கு ஓகே" என்று பேச ஆரம்பித்தால் அதே கணக்கு ஐந்து மடங்காகிறது. கடைசியில் யாராவது ஒருத்தி தலையில் அது விழும். அவள் ஆட்டோ பேசுவாள், பில் பார்ப்பாள், தண்ணி பாட்டில் வாங்குவாள். சனிக்கிழமை ராத்திரி வரை சிரித்த முகமாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை, "காபி ஆறிப்போச்சு" என்று இன்னொருத்தி சாதாரணமாகச் சொன்னதற்கு வெடிப்பாள். வருடத்துக்கு இரண்டு முறையாவது இதைப் பார்த்துவிடுகிறேன். நானே வெடித்ததும் உண்டு.

ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தப்பு கும்பகோணம். ஆறு பேர், இரண்டு நாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போறதா?" என்று நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் பட்டியலில் சேர்த்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி, நடை சாத்துவதற்குள் ஓட்டி, மத்தியானம் வேனிலேயே தயிர்சாதம். குழுவில் ஒருத்திக்கு முதல் நாளே பீரியட்ஸ் வந்துவிட்டது. அவள் இரண்டு நாளும் ஒவ்வொரு கோயில் வாசலிலும் செருப்புகளுக்குக் காவலாக வேனில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பெண்கள் குழுவுக்குக் கோயிலை மையமாக வைத்துத் திட்டம் போடுவதை விட்டுவிட்டேன். வழியில் ஒரு கோயில் இருக்கட்டும், போகிறவர்கள் போய்வரட்டும். கும்பகோணத்தைக் குறை சொல்லவில்லை. தாராசுரத்தை மட்டும் ஒரு சாயங்காலம் நிதானமாகப் பார்த்து, டிகிரி காபி குடித்து, பாத்திரக்கடைத் தெருவில் நடந்துவிட்டு வருவதென்றால் அருமையான ஊர். ஆனால் அந்த ஊரில் அப்படிச் சும்மா இருக்க நம்மவர்களுக்கு மனசு வராது.

எனவே நான் ஊரைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு சோதனையை வைத்து: பார்க்க வேண்டியதெல்லாம் அரை நாளில் முடிந்துவிட வேண்டும், மிச்ச நேரம் உட்கார ஒரு திண்ணையோ கடலோ வேண்டும். இந்தச் சோதனையில் உங்களுக்கு நான் சொல்லும் ஊர் தரங்கம்பாடி.

சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பழைய நகர வாசல் வழியே உள்ளே நுழைந்தால் ஒரே நேர்த்தெரு, அதன் கோடியில் கடல். அந்தத் தெருவில் 1701ல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிர்ப்புறம் கொஞ்சம் தள்ளி 1718ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல் வந்திறங்கியது இங்கேதான். தமிழில் புதிய ஏற்பாடு 1714-15ல் அச்சானதும் இங்கேதான். அவரை அடக்கம் செய்ததும் அந்தப் புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்தான். கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை, அதற்குள் ஒரு சின்ன அருங்காட்சியகம். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம், எவ்வளவு மெதுவாக நடந்தாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதற்காகத்தான் அந்த ஊர்.

தரங்கம்பாடியில் ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. இதை நம்பிப் போக வேண்டாம். தரையோடு தரையாக ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்கு எரிச்சல்தான். அங்கே நம் மூச்சு லேசாவதற்குக் காரணம், ஹாரன் சத்தமும் டீசல் புகையும் இல்லாத கடல் காற்று. அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

எப்போது போவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தால் முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் கடற்கரைதான். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தும். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை நல்ல காலம். மீன் சாப்பிடத்தான் போகிறோம் என்றால் இன்னொரு தேதியும் நினைவிருக்கட்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரம் வஞ்சிரம் என்று கனவு கண்டுகொண்டு மே மாதம் போய் இறங்கி முட்டைக்குழம்பு சாப்பிட்டுத் திரும்பிய குழுவை எனக்குத் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிச் சென்னை நினைப்பில் இருக்காதீர்கள். சின்ன ஊரில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்துவிடும், ராத்திரி ஒன்பதுக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும். தங்கும் இடத்திலேயே சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள்: காலை டிபன் சாப்பிடும்போதே மத்தியானத்துக்கு என்ன, ராத்திரிக்கு என்ன, சைவம் எத்தனை பேர் என்று. ஒரு நாளைக்கு ஒரு தடவை சொன்னால் போதும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஓலா, ஊபர் நினைப்பையும் எழும்பூரிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ரூம் போடும்போதே அவர்களுக்குத் தெரிந்த டாக்ஸி டிரைவர் நம்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டைவிடுவது நேரத்தில். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிவதற்கு முன்பே மயிலாடுதுறையில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து தரங்கம்பாடி 30 கிலோமீட்டர் போல. ஐந்து மணிக்கு வாசலில் போய் நின்றால், "மேடம், செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான்" என்பார்கள். அப்போது ஐந்து பேருக்கும் ஒரே பாத்ரூம் கேட்டு வரவேற்பறையில் கெஞ்சுவதில் பயணம் தொடங்கும். வெள்ளி ராத்திரிக்கும் சேர்த்து ஒரு அறையையாவது போட்டுவிடுங்கள். வீண்செலவு மாதிரித் தெரியும். ஆளுக்குப் பங்கு போட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் வராது. அடுத்தது, ஐந்து பேர் என்பதால் மூன்றும் இரண்டுமாகப் பிரிவீர்கள். மூன்றாவது ஆளுக்கு 'எக்ஸ்ட்ரா பெட்' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் தரையில் போடும் மெத்தை. "பரவாயில்லடி, நான் கீழேயே படுத்துக்கறேன்" என்று ஒருத்தி சொல்வாள். முழங்கால் வலிக்கிற வயதில் அது பரவாயில்லாத விஷயமில்லை. மூன்று கட்டில் இருக்கிறதா என்று கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று அறை. குறட்டை விடுபவர் யார், விடிகாலையில் எழுந்து லைட் போடுபவர் யார் என்று உங்களுக்கே தெரியும். கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரூம் கிடைப்பது திருக்கடையூரையும் பொறுத்தது. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த ஊரில்தான் தமிழ்நாடு முழுக்க இருந்து வந்து அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்கிறார்கள். அவரவர் ஜன்ம நட்சத்திரத்தில் செய்வதால் ஆடி, மார்கழி என்று பார்க்காமல் வருடம் பூராவும் கூட்டம் உண்டு. அங்கே இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து ஊர்களில் தங்குவார்கள். கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இன்னொரு பக்கம் காரைக்கால் இருக்கிறது, பதினைந்து கிலோமீட்டர்தான், லாட்ஜும் நிறைய. அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி. மது விலை குறைவு என்று வருகிற கூட்டம் சனிக்கிழமை ராத்திரி வராந்தாவிலேயே தெரியும். உங்களுக்கு அது வேண்டாம்.

ரயில் டிக்கெட்டில் பெண்களுக்கு இருக்கும் இரண்டு வசதிகள் பலருக்குத் தெரியாது. நெடுந்தூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் தனி ஒதுக்கீடு இருக்கிறது. வயது வரம்பு கிடையாது, தனியாகவோ பெண்கள் குழுவாகவோ போகலாம். அது போக 45 வயது முடிந்த பெண்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால் மட்டும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது. இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும். பிரித்துப் போட்டால் வேறு வேறு பெட்டியில் விழ வாய்ப்பு இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சேர்ந்து அரட்டை அடிப்பதா, மேல் பெர்த்தில் ஏறாமல் தூங்குவதா என்பதை உங்கள் முழங்கால்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. வண்டி எழும்பூரில் கிளம்புகிறதா தாம்பரத்திலா என்று டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு ஞாயிறு மத்தியானம் மயிலாடுதுறை வழியாக வரும் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே சாயங்காலம் சென்னைக்கு வந்துவிடலாம். காரில்தான் போவோம் என்றால் ஆறு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கழிப்பறை எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்து தலைவலியோடு போய் இறங்குவது நம் ஆட்கள் வழக்கம்.

மூன்று நாள் கிடைத்தால் என் தேர்வு மாறும், காரைக்குடி சொல்வேன். பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து மத்தியானத்துக்கு மேல் கிளம்பி ராத்திரியில் கொண்டுபோய் விடும். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு வேண்டும். திரும்பும் பல்லவன் விடிகாலையில் கிளம்புவதால் ஞாயிற்றுக்கிழமையே கையை விட்டுப் போய்விடும். ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு வண்டியைப் பிடித்தால் திங்கள் காலை சென்னை. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கி, முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, காலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் சாப்பிடுவது தனி சுகம், பணமும் அதற்குத் தகுந்த மாதிரி. ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்கலாம்: கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக வைக்கிறார்கள். கண்டாங்கிச் சேலை வாங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அது மூன்று மணி நேரம் ஆகும்.

மற்ற ஊர்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரி குளிர்காலத்தில் பூநாரைகளோடு அழகாக இருக்கும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. ஆனால் அது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஊர். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும், சனி ஞாயிறில் சென்னையும் பெங்களூருவும் சேர்ந்து ஏறும். வார நாளில் என்றால் போங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். சின்ன ஊர் என்றால் பாதுகாப்பு என்பதும் தப்பு, சின்ன ஊர் என்றால் பயம் என்பதும் தப்பு. இத்தனை வருடத்தில் என் குழுக்களுக்கு வந்த தொல்லைகளில் பாதி வெறும் பார்வையும் கேள்வியும்தான். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்று ரிசப்ஷனில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறை, கொஞ்சம் வம்பு. "இல்லண்ணே, நாங்க மட்டும்தான்" என்று சிரித்துச் சொன்னால் முடிந்தது; வருவார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்லப் போனால் அடுத்த நாளும் அந்தப் பொய்யைப் பராமரிக்க வேண்டும். ஒரே ஒரு முறை நிஜமாகவே பயந்தோம். ஒரு லாட்ஜில் கீழ்த்தளத்திலேயே பார் இருந்தது, போட்டோவில் அது தெரியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள், கதவில் மேல் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மேஜையை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து ரூம் போடும்போது மூன்று கேள்வி கேட்கிறேன்: கட்டிடத்தில் பார் இருக்கிறதா, ராத்திரியில் ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, ஐந்து பேருக்கும் அடுத்தடுத்த அறை கிடைக்குமா. போனதும் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கிறேன். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139 மூன்றும் ஃபோனில் இருக்கட்டும். அப்புறம், தரங்கம்பாடிக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் பாறை, அலையின் இழுப்பும் அதிகம். மனிதர்களைவிட அந்தக் கடலிடம்தான் எனக்குப் பயம்.

பணத்தைப் பற்றித் தோழிகளுக்குள் பேசக் கூச்சமாக இருக்கும். ஐந்து பேரில் ஒருத்தியின் வீட்டு நிலைமை மற்றவர்களைப் போல இருக்காது, அவள் அதைச் சொல்லவும் மாட்டாள். கிளம்பும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பையில் போட்டு, ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் அதிலிருந்தே கொடுங்கள். தொகையை முடிவு செய்யும்போது, கையைக் கடிக்குமோ என்று உங்களுக்குத் தோன்றுகிறவளை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். சேலை, பாத்திரமெல்லாம் அவரவர் சொந்தப் பணம்.

கிளம்பும் முன் வீட்டுக்கு இரண்டு நாளைக்குச் சமைத்து, டப்பாவில் பெயர் எழுதி ஒட்டி, மாவரைத்து வைத்துவிட்டு ரயிலேறும் பழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுப் பாருங்கள். அப்படி ஏறியவர்கள் சனிக்கிழமை முழுக்கத் தூங்குகிறார்கள். வீட்டிலிருந்து வரும் ஃபோனுக்கு ஒரு நேரம் வையுங்கள், ராத்திரி எட்டு மணி என்று. மிளகாய்ப்பொடி எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைத்துவிடும்.

ஏற்காட்டுக்கு யார் பிளான் போட்டது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்று நினைக்கிறேன், இந்த முறையும் நீங்கள்தானே விசாரிக்கிறீர்கள்? டிக்கெட்டும் ரூமும் நீங்கள் போடுங்கள். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொதுப் பையையும் டிரைவர் நம்பரையும் இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, ஞாயிறு வரை யார் என்ன கேட்டாலும் அவளைக் காட்டுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை அவள் தப்பாகச் சொல்லிவிட்டாலும் வாயைத் திறக்காதீர்கள்.